தமிழுக்கு விசைப்பலகை தந்த முத்தையா

தமிழில் மொத்தம் எத்தனை எழுத்துகள்? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சரி, இன்னொரு கேள்வி. ஒரு டைப்ரைட்டரில், அதாவது தட்டச்சுப் பொறியில், எழுத்து விசைகள் எத்தனை இருக்கும்? சுமார் 45தான்!

45 விசைகளுக்குள் 247 எழுத்துகளை எப்படி அடைப்பது? ஆழாக்குக்குள் மரக்கால் நெல்லைக் கொட்டுவது போன்ற வேலை அல்லவா இது? நடக்காத காரியம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஒரு மனிதர் அதை நடத்திக் காட்டினார். அவர் பெரிய விஞ்ஞானி அல்லர். ஓர் அலுவலகத்தில் கணக்கும் கடிதமும் எழுதி வந்த எழுத்தர். அவர்தான் ஆர். முத்தையா. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று இன்று நாம் போற்றுபவர். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

சுண்டிக்குழிச் சிறுவன்

இலங்கையின் வடக்கே இருப்பது யாழ்ப்பாணம். அங்குள்ள சுண்டிக்குழி என்னும் ஊரில் 1886ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் முத்தையா பிறந்தார். தந்தையின் பெயர் இராமலிங்கம். முத்தையா சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். தலைவன் இல்லாத குடும்பம் எப்படித் தத்தளிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மழை பொய்த்துவிட்டால் என்ன செய்கிறார்கள்? பிழைப்புத் தேடி வெளியூர் போகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் அந்தக் காலத்தில் படித்த இளைஞர்கள் பலர் கடல் கடந்து மலாயாவுக்குப் போனார்கள். இன்றைய மலேசியாவும் சிங்கப்பூரும் இருக்கும் பகுதி அது. அப்போது அங்கே ஆங்கிலேயர் ஆட்சி. புதிதாக ரயில் பாதைகள் போட்டார்கள். ரப்பர்த் தோட்டங்கள் வந்தன. ஈயச் சுரங்கங்கள் பெருகின. கணக்கு எழுதவும், கடிதம் எழுதவும், ரயில் நிலையங்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆங்கிலம் படித்த ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

1907ஆம் ஆண்டு முத்தையாவும் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு 21 வயது. முதலில் ரயில்வேயில் வேலை பார்த்தார். பிறகு ஐல்ஸ்பரி அண்ட் கார்லண்ட் என்னும் வணிக நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். ஒழுங்காக உழைத்துத் தலைமை எழுத்தராக உயர்ந்தார். 1930ஆம் ஆண்டு வரை அதே நிறுவனத்தில் பணியாற்றினார்.

வணிக நிறுவனம் என்றால் நாள் முழுவதும் கடிதப் போக்குவரத்துதான். அந்தக் கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், அச்சடித்தாற்போல் அழகாகத் தட்டச்சுப் பொறியில் தயாராகும். ஆனால் தமிழில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றால்? பேனாவும் மையும் கையெழுத்தும்தான். எழுதியவர் கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம். ஆங்கிலத்துக்கு இருக்கும் வசதி நம் தமிழுக்கு ஏன் இல்லை? இந்தக் கேள்விதான் முத்தையாவைப் பிடித்துக்கொண்டது.

துப்பாக்கிக் கம்பெனியில் பிறந்த பொறி

முத்தையா என்ன செய்தார் என்று பார்ப்பதற்கு முன்னால், ஆங்கிலத் தட்டச்சுப் பொறி எப்படி வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

அமெரிக்காவில் மில்வாக்கி என்று ஒரு நகரம். அங்கே கிறிஸ்டோபர் லாதம் ஷோல்ஸ் என்பவர் பத்திரிகை ஆசிரியராக இருந்தார். அவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு தட்டச்சுப் பொறியை உருவாக்கி 1868ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார்கள். ரெமிங்டன் என்ற நிறுவனம் 1874ஆம் ஆண்டு அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரெமிங்டன் அதற்கு முன்னால் என்ன செய்து வந்தது தெரியுமா? துப்பாக்கியும் தையல் இயந்திரமும்!

அந்தப் பொறி வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு விசையும் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியுடன் இணைக்கப்பட்டிருக்கும். கம்பியின் நுனியில் எழுத்து செதுக்கியிருக்கும். விசையைத் தட்டினால் கம்பி எழும்பி, மை தோய்ந்த ரிப்பன் மீது அடிக்கும். ரிப்பனுக்குப் பின்னால் உருளையில் சுற்றிய காகிதத்தில் எழுத்து பதியும். உடனே அந்த உருளை இடப்பக்கமாக ஓர் எழுத்தின் அகலத்துக்கு நகரும். அடுத்த எழுத்துக்கு இடம் தயார்! வரி முடியப் போகும்போது மணி அடிக்கும். தட்டுபவர் கைப்பிடியைத் தள்ளினால் உருளை பழைய இடத்துக்குத் திரும்பும். அடுத்த வரி தொடங்கும்.

ஒரு கம்பியின் நுனியில் ஓர் எழுத்து மட்டும் இருக்காது. மேலும் கீழுமாக இரண்டு எழுத்துகள் இருக்கும். ஷிப்ட் விசையை அழுத்தினால் மேலெழுத்து பதியும். ஆக, 46 விசைகள் இருந்தால் 92 எழுத்து வடிவங்கள் கிடைக்கும்.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள்தான். சிறிய எழுத்து, பெரிய எழுத்து இரண்டையும் சேர்த்தாலும் 52. எண்களும் குறிகளும் போக இடம் மீதியிருக்கும். தமிழுக்கு? 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கொடுத்தால் 124 விசைகள் வேண்டும். அவ்வளவு அகலமான பொறிக்கு இரண்டு கை போதாது!

சீன மொழியின் நிலை இன்னும் கடினம். அவர்களுடைய தட்டச்சுப் பொறியில் விசைகளே கிடையாது. 2,000க்கும் மேற்பட்ட எழுத்து அச்சுகளை ஒரு பெரிய தட்டில் அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அடிக்க வேண்டியிருந்தது. நம் மொழிக்கு அப்படிப்பட்ட நிலை வரவில்லை. அதற்குக் காரணம் தமிழ் எழுத்துகளின் அமைப்பு.

247 எப்படிச் சுருங்கியது?

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கா, சா, டா, மா என்று எழுதிப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே துணைக்கால்தான் வருகிறது. எனவே 18 நெடில்களுக்கு 18 வடிவங்கள் தேவையில்லை. துணைக்கால் ஒன்று இருந்தால் போதும். அதுபோலவே ஒற்றைக்கொம்பு ஒன்று, இரட்டைக்கொம்பு ஒன்று, ஐகாரக் கொம்பு ஒன்று. 'கொ' வேண்டுமா? ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று தட்டு. மெய்யெழுத்துகள் 18க்கும் ஒரே ஒரு புள்ளி. 'கி', 'கீ' வரிசைகளுக்கு மேலே போடும் விலங்குகள் இரண்டு.

இவை ஏழு குறிகள். உயிரெழுத்துகளில் ஔ தவிர 11. ஔ எழுத, ஒ பக்கத்தில் ள போட்டால் போதும். ஆய்தம் 1. க முதல் ன வரை 18. கூட்டினால் 37 வருகிறது. பார்த்தீர்களா, எவ்வளவு சுருங்கிவிட்டது!

ஆனால் 'உ' வரிசை வந்து மடக்குகிறது. கு, சு, டு, து, மு, ரு... ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி! 'ஊ' வரிசையும் அப்படியே. இந்த இரண்டு வரிசைக்கும் 36 வடிவங்கள். 'டி', 'டீ' இரண்டும் தனி வடிவம். ஆக மொத்தம் 75 ஆகிவிட்டது. இதற்கு மேல் ஜ, ஷ, ஸ, ஹ போன்ற எழுத்துகள், எண்கள், காற்புள்ளி, அரைப்புள்ளி, கேள்விக்குறி...

போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. இன்று நாம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று எழுதுகிறோம். உங்கள் தாத்தா, பாட்டி சிறுவயதில் இவற்றை வேறு மாதிரி எழுதினார்கள். றா எழுத றவைச் சுழித்துக் காலை அதனுடனேயே சேர்த்துவிடுவார்கள். லை எழுத யானைத் தும்பிக்கை போல ஒரு கொம்பு வரும். இப்படி 13 எழுத்துகள். பெரியார் தம் குடிஅரசு இதழில் 1935ஆம் ஆண்டிலேயே இவற்றை எளிமைப்படுத்தி அச்சிட்டார். தமிழக அரசு 1978ஆம் ஆண்டு அந்த மாற்றத்தை ஏற்றது. முத்தையா தம் பொறிக்காக உழைத்த நாளில் பழைய வடிவங்களே எங்கும் வழக்கில் இருந்தன. அந்தச் சிக்கலையும் சேர்த்துத்தான் அவர் சமாளிக்க வேண்டியிருந்தது.

நகராத விசை

இப்போது முத்தையாவின் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள்.

ஒரு விசையைத் தட்டியதும் உருளை நகர்ந்துவிடும் என்று சொன்னேன் அல்லவா? அப்படியானால் 'ம்' எப்படி அடிப்பது? முதலில் ம அடிக்கிறோம். உருளை நகர்ந்துவிட்டது. பிறகு புள்ளி அடித்தால் அது ம தலையில் விழாது. பக்கத்துக் காலியிடத்தில் போய் விழும்!

இதற்கு முத்தையா கையாண்ட வழிதான் நகரா விசை. புள்ளி போன்ற குறிகளுக்கு உரிய விசைகளைத் தட்டினால் குறி காகிதத்தில் பதியும். ஆனால் உருளை நகராது. அதே இடத்தில் அப்படியே நிற்கும். அடுத்துத் தட்டும் எழுத்து அந்தக் குறிக்குக் கீழேயே சரியாக உட்கார்ந்துகொள்ளும். பிறகுதான் உருளை நகரும்.

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? நாம் கையால் எழுதும்போது ம எழுதிவிட்டுப் பிறகு புள்ளி வைக்கிறோம். பொறியிலோ முதலில் புள்ளி, பிறகு ம! தொப்பியை முதலில் காற்றில் மாட்டிவிட்டு, ஆளைக் கொண்டுவந்து அதன் கீழே நிறுத்துவது போல! தமிழ்த் தட்டச்சு பழகுபவர்களுக்கு முதல் வாரம் இதுதான் குழப்பும். இரண்டாம் வாரம் விரல் தானாகப் புள்ளியைத் தேடிப் போகும்.

ஆங்கிலத்தில் எழுத்தின் தலைமேல் குறி கிடையாது. பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழிகளில் உண்டு. அந்த மொழிப் பொறிகளிலும் நகரா விசை உண்டு. ஆனால் அங்கே அது எப்போதோ ஒருமுறைதான் தேவைப்படும். தமிழிலோ வரிக்கு வரி புள்ளி வருகிறது. அதனால் முத்தையாவின் பலகைக்கு நகரா விசை உயிர் போன்றது.

எந்த விரலுக்கு எந்த எழுத்து?

எழுத்துகளைப் பலகைக்குள் அடைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. எதை எங்கே வைப்பது என்ற கேள்வி இருக்கிறது. இது மிக முக்கியமான கேள்வி. ஏன் தெரியுமா?

தொடக்கத்தில் ஆங்கிலத் தட்டச்சர்கள் பலர் இரண்டு மூன்று விரல்களால் விசையைத் தேடித் தேடித் தட்டினார்கள். பிராங்க் மெக்குரின் என்ற அமெரிக்கர் பலகையைப் பார்க்காமலேயே எல்லா விரல்களாலும் தட்டப் பழகியிருந்தார். 1888ஆம் ஆண்டு சின்சினாட்டி நகரில் ஒரு போட்டி நடந்தது. விசைகளைப் பார்த்துப் பார்த்துத் தட்டும் ஒருவரோடு மெக்குரின் மோதினார். மெக்குரினே வென்றார். கண் தாளில் இருக்க வேண்டும், விரல் தானாக ஓட வேண்டும் என்ற முறை அதன்பின் எங்கும் பரவியது.

கண் பார்க்காமல் விரல் ஓட வேண்டும் என்றால் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வீடு வேண்டும். நடு வரிசைதான் அந்த வீடு. விரல்கள் மேலே போகும், கீழே போகும், ஆனால் உடனே வீட்டுக்குத் திரும்பிவிடும். ஆகவே அடிக்கடி வரும் எழுத்துகள் நடு வரிசையில் இருந்தால் விரலுக்கு அலைச்சல் குறையும்.

ஆங்கிலப் பலகை இந்த விஷயத்தில் அவ்வளவு சிறப்பானது அல்ல. அதன் மேல் வரிசை கியூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய் என்று தொடங்கும். கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாமல் இருக்கவே எழுத்துகளை அப்படிக் கலைத்து வைத்தார்கள் என்று பலர் சொல்கிறார்கள். வேறு காரணம் சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. டைப்ரைட்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளும் அந்த மேல் வரிசையிலேயே இருக்கின்றன. நம்பாவிட்டால் பள்ளிக் கணினியில் தேடிப் பாருங்கள்!

தமிழ்ப் பலகையின் நடு வரிசையைப் பாருங்கள். இடமிருந்து வலமாக: ய, ள, ன, க, ப, துணைக்கால், த, ம, ட, புள்ளி. இடக்கைச் சுண்டு விரலுக்கு ய, மோதிர விரலுக்கு ள, நடு விரலுக்கு ன, ஆள்காட்டி விரலுக்கு க. வலக்கை ஆள்காட்டி விரலுக்கு த, நடு விரலுக்கு ம, மோதிர விரலுக்கு ட, சுண்டு விரலுக்குப் புள்ளி. நடுவில் இருக்கும் பவும் துணைக்காலும் ஆள்காட்டி விரல்களுக்குக் கூடுதல் வேலை.

ஒரு தமிழ்ப் பத்தியை எடுத்து எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். க, த, ம, ன, ப, துணைக்கால், புள்ளி ஆகியவை எத்தனை முறை வருகின்றன என்று தெரியும். அடிக்கடி வருபவை எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. ங, ஞ போன்ற எப்போதாவது வருபவை ஓரத்துக்குப் போய்விட்டன.

உகர வரிசைக்கும் அழகான ஏற்பாடு. க விசையிலேயே ஷிப்ட் போட்டால் கு. மவுக்கு மேல் மு. டவுக்கு மேல் டு. தவுக்கு மேல் து. தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை!

கம்மாய் என்று தட்டுவோமா?

ஒரு தாளில் பத்துக் கட்டங்கள் போடுங்கள். மேலே சொன்ன நடு வரிசையை அதில் எழுதுங்கள். விரல்களை அதனதன் வீட்டில் வையுங்கள். நம்மூர்ச் சொல் ஒன்றைத் தட்டிப் பார்ப்போம். கம்மாய்!

முதலில் இடக்கை ஆள்காட்டி விரலால் க. அடுத்து வலக்கைச் சுண்டு விரலால் புள்ளி, நடு விரலால் ம. 'ம்' வந்துவிட்டது. மறுபடி நடு விரலால் ம. ஆள்காட்டி விரலைச் சற்று உள்ளே நீட்டித் துணைக்கால். 'மா' ஆயிற்று. கடைசியாகச் சுண்டு விரலால் புள்ளி, இடக்கைச் சுண்டு விரலால் ய. கம்மாய் நிறைந்துவிட்டது! ஏழே தட்டு. ஒரு விரலும் நடு வரிசையை விட்டு மேலேயோ கீழேயோ போகவில்லை. பாடம், படம், தாகம், மனம், பட்டம், மாடம் ஆகியவற்றையும் இப்படியே தட்டிப் பாருங்கள்.

பழகும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் படட்டும். மணிக்கட்டை மேசையில் சாய்க்காதீர்கள். இடைவெளிக்குக் கட்டை விரல். கண் பலகையைப் பார்க்கக் கூடாது. முதல் சில நாள் ஆமை வேகத்தில்தான் போகும். போகட்டும்! பிழையில்லாமல் மெதுவாகத் தட்டப் பழகியவருக்கு வேகம் தானே வரும். வேகமாகத் தப்பாகத் தட்டப் பழகியவருக்கு அந்தத் தப்பும் சேர்ந்தே பழகிவிடும். விரலுக்கு ஒருமுறை ஏறிய பழக்கத்தை மாற்றுவது லேசான காரியம் அல்ல.

உங்கள் பள்ளிக் கணினியின் விசைப்பலகையை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு விசைகளில் மட்டும் சின்ன மேடு இருக்கும். ஆள்காட்டி விரல்களின் வீடு அவை. பார்க்காமலேயே கண்டுபிடிக்கத்தான் அந்த மேடு. தமிழ்த் தட்டச்சுப் பலகையில் அந்த இடங்களில் இருப்பவை எவை? கவும் தவும்!

ஜெர்மனியில் செய்த தமிழ்ப் பொறி

மீண்டும் முத்தையாவிடம் வருவோம். தாளில் போட்ட திட்டம் பொறியாக வேண்டுமே! எழுத்துகளை இரும்பில் செதுக்க வேண்டும். கம்பிகளை இணைக்க வேண்டும். அன்று மலாயாவில் அப்படிப்பட்ட தொழிற்சாலை ஏது?

ஜெர்மனியில் டிரெஸ்டன் என்ற நகரம் இருக்கிறது. அங்கே சைடல் அண்ட் நௌமான் என்ற புகழ்பெற்ற நிறுவனம் இருந்தது. தையல் இயந்திரம், சைக்கிள், தட்டச்சுப் பொறி ஆகியவற்றை அது செய்து வந்தது. அந்த நிறுவனத்தின் மூலம் முத்தையா தம் தமிழ் விசைப்பலகை கொண்ட பொறிகளைச் செய்வித்தார். முதலில் அமைத்த பொறியோடு அவர் நின்றுவிடவில்லை. அதில் இருந்த குறைகளைத் திருத்தினார். தூக்கிச் செல்லக்கூடிய சிறிய பொறியையும் கொண்டுவந்தார்.

யோசித்துப் பாருங்கள். யோசனை பிறந்தது மலாயாவில். யோசித்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். பொறி செய்யப்பட்டது ஜெர்மனியில். பயன்பட்டது உலகெங்கும் உள்ள தமிழர்களுக்கு! தமிழே தெரியாத தொழிலாளர்கள், வரைபடத்தைப் பார்த்து நம் க, ச, ட, தவை இரும்பில் வார்த்துக் கொடுத்தார்கள். ஒரு சுழி தவறினாலும் எழுத்து மாறிவிடும். எவ்வளவு கவனம் தேவைப்பட்டிருக்கும்!

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. 1945ஆம் ஆண்டு பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. போருக்குப் பின் ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தபோது அந்நகரம் கிழக்கு ஜெர்மனிக்குப் போனது. ஆனாலும் தமிழ்த் தட்டச்சு நின்றுபோகவில்லை. ஒரு பொறி எரியலாம், ஒரு தொழிற்சாலை இடியலாம். பலகையின் அமைப்பு அழியாது. அது மனிதர்களின் விரல்களுக்குள் போய்விட்டது அல்லவா?

அலுவலகத்தில் ஏறிய தமிழ்

நாடு விடுதலை பெற்றபின் 1956ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. சட்டம் போட்டால் மட்டும் போதுமா? தாலுகா அலுவலகத்திலிருந்து தலைமைச் செயலகம் வரை கடிதமும் உத்தரவும் தமிழில் போக வேண்டும். ஒரே உத்தரவை நடுவே கார்பன் தாள் வைத்து நாலைந்து படி எடுக்க வேண்டும். கையால் எழுதிக் கட்டுப்படியாகுமா? தமிழ்த் தட்டச்சுப் பொறி இருந்ததால்தான் அது நடந்தது. 1955ஆம் ஆண்டு கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கியது. முத்தையா போட்ட அடித்தளத்தின் மேல் சிற்சில மாற்றங்களோடு தமிழ்ப் பலகையும் ஒரு நிலைக்கு வந்தது.

இதனால் யாருக்கு லாபம்? நம்மைப் போன்ற வானம் பார்த்த பூமிக்காரர்களுக்குத்தான்! மல்லாங்கிணறு பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்பா வைத்துவிட்டுப் போன நஞ்சை நிலமா இருந்தது? பள்ளிப் படிப்பு முடிந்ததும் அருப்புக்கோட்டைக்கோ விருதுநகருக்கோ பஸ் ஏறி டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனார்கள். தினம் ஒரு மணி நேரம் தட்டினார்கள். லோயர் பாஸ், ஹையர் பாஸ் என்று சான்றிதழ் வாங்கினார்கள். ஆங்கிலத் தட்டச்சில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல் வேகம் வேண்டும். ஐந்து தட்டு ஒரு சொல் என்று கணக்கு. அந்தச் சான்றிதழோடு தேர்வு எழுதி அரசு அலுவலகங்களில் தட்டச்சர் ஆனவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். குறிப்பாகப் பெண்கள். வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் ஓர் அக்காவாகவோ அத்தையாகவோ இருந்தால், அதற்குப் பின்னால் முத்தையாவின் பலகையும் இருக்கலாம். பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பொறி போனது, பழக்கம் இருக்கிறது

கணினி வந்தது. டைப்ரைட்டர் மூலைக்குப் போனது. 2009ஆம் ஆண்டோடு கோத்ரெஜ் நிறுவனமும் தட்டச்சுப் பொறி செய்வதை நிறுத்திவிட்டது.

கணினியில் உருளையும் இல்லை, கம்பியும் இல்லை. எனவே வேறு விதமாகவும் பலகை அமைக்கலாம். 1985ஆம் ஆண்டு மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். முத்தையா வாழ்ந்த அதே மண்ணிலிருந்து மறுபடியும் தமிழுக்கு ஒரு கொடை! 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பின் தமிழ் 99 என்ற புதிய விசைப்பலகை வந்தது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். கவும் ஆவும் தட்டினால் கா. கற்பது எளிது.

ஆனாலும் தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்குக் கணினியிலும் அந்தப் பழைய பலகைதான் வேண்டும். முப்பது வருடம் ஓடிய விரல் சட்டென்று மாறுமா? அதனால் இன்றும் கணினித் தமிழில் தட்டச்சுப் பலகைக்கு ஓர் இடம் உண்டு. இரும்புக் கம்பிக்காகக் கண்டுபிடித்த ஒழுங்கு, கம்பியே இல்லாத கணினியிலும் வாழ்கிறது!

குழந்தைகளே, முத்தையா தமிழில் புதிதாக ஓர் எழுத்தையும் சேர்க்கவில்லை. ஓர் எழுத்தையும் நீக்கவில்லை. இருந்த எழுத்துகளையே பொறுமையாகப் பிரித்துப் பார்த்தார். எது எதோடு சேர்கிறது, எது அடிக்கடி வருகிறது என்று கவனித்தார். நாம் தினமும் எழுதும் எழுத்துகள்தாம். ஆனால் நம்மில் எத்தனை பேர் அவற்றை அப்படி உற்றுப் பார்த்திருக்கிறோம்?

இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். பாடப்புத்தகத்தில் ஏதேனும் ஒரு பக்கத்தை எடுங்கள். எந்த எழுத்து அதிகம் வருகிறது, எது குறைவாக வருகிறது என்று பட்டியல் போடுங்கள். பிறகு அதை வைத்து உங்களுக்கென்று ஒரு விசைப்பலகை வரையுங்கள். அடிக்கடி வரும் எழுத்துகளை நடு வரிசையில் வையுங்கள். கடைசியாக அதை முத்தையாவின் நடு வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை எழுத்துகள் ஒத்துப்போகின்றன என்று உங்கள் தமிழாசிரியரிடம் காட்ட மறந்துவிடாதீர்கள்!